ஃபோர்ஜ்டு பிஸ்டன் எந்த எஞ்சினுக்கு? காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியே நிரம்பும் வீராணம் ஏரி, காட்டுமன்னார்கோயிலைச் சுற்றிச் சுமார் 44 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோது இறைக்கவும், ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கும்போது வடிக்கவும் இங்கே ஆயில் எஞ்சின் வேண்டும். அந்த எஞ்சினைப் பிரித்துப் போடும் லேத் பட்டறைக்கே பழைய பைக்கின் சிலிண்டரும் போரிங்குக்கு வருகிறது. பைக்கோடு சேர்ந்து ‘ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டால் வண்டி பறக்கும்’ என்ற நம்பிக்கையும் வருகிறது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் தானாக எந்த எஞ்சினுக்கும் சக்தி கூட்டுவதில்லை. வேகமும் வெடிப்பழுத்தமும் வார்ப்பு பிஸ்டனின் தாங்குதிறனைத் தாண்டும் இடத்தில் அது தேவை. தாண்டாத இடத்தில் அதனால் நட்டமே மிகுதி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. செய்முறையும் உலோகமும்

வார்ப்பு பிஸ்டன், உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுப்பது. ஃபோர்ஜ்டு பிஸ்டன், சூடேற்றிய திடக்கட்டியைப் பிரஸ்ஸில் பேரழுத்தம் கொடுத்து அச்சுக்குள் அமுக்கி எடுப்பது. அப்படி அமுக்கும்போது வார்ப்பில் தங்கக்கூடிய நுண்துளைகள் இல்லாமல் போகின்றன. உலோக மணிகள் அச்சின் வடிவத்தை ஒட்டி நீள்கின்றன. எனவே அடி விழுந்தால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் நெளியும்; வார்ப்பு பிஸ்டன் பெரும்பாலும் விரிசல் விடும், ரிங் பள்ளத்தின் விளிம்பு உடைந்து விழும்.

ஆனால் ஃபோர்ஜ்டு என்பது ஒரே பொருளன்று. பரவலாகப் பயன்படும் இரண்டு கலவைகளில் 4032-இல் சிலிக்கன் ஏறத்தாழ 12 சதவீதம். 2618-இல் கால் சதவீதம்கூட இல்லை. சிலிக்கன் குறைந்தால் உலோகம் அடிதாங்கும். அதே வேளையில் விரைவில் தேயும், சூட்டில் அதிகம் விரியும். 80 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் சூடு 100 டிகிரி செல்சியஸ் ஏறினால் 2618 சுமார் 0.18 மி.மீ. விரிகிறது, 4032 சுமார் 0.155 மி.மீ. அதே ஏற்றத்துக்கு வார்ப்பிரும்பு ஸ்லீவ் விரிவது 0.09 மி.மீ. மட்டுமே. ஸ்லீவை விட்டுப் பிஸ்டன் முந்தி விரிவதால்தான் 2618-க்குக் கூடுதல் கிளியரன்ஸ் விடுகிறார்கள். அந்தக் கிளியரன்ஸோடு எஞ்சினைக் குளிரில் கிளப்பினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டும், ஆயில் புகையும். கிளியரன்ஸைக் குறைத்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

2. ஒரே விட்டம், இரு வேறு உலகம்

வயலில் பழகிய கிர்லோஸ்கர் ஏவி1 டீசல் எஞ்சினின் போர் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ.; நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5 குதிரைச்சக்தி தருகிறது. ஓசூரில் டிவிஎஸ் தயாரிக்கும் அப்பாச்சி ஆர்ஆர் 310-இன் போரும் அதே 80 மி.மீ.தான், ஸ்ட்ரோக் 62.1 மி.மீ. 2024-இல் வந்த வடிவம் 9800 சுற்றில் 38 பிஎஸ் தருகிறது. அதில் இருப்பது ஃபோர்ஜ்டு அலுமினிய பிஸ்டன்.

பிஸ்டனின் சராசரி வேகம் முதலாவதில் விநாடிக்கு 5.5 மீட்டர், இரண்டாவதில் 20.3 மீட்டர். வேக வேறுபாடு நான்கு மடங்கைத் தொடவில்லை. சுமையின் கணக்கோ வேறு. கிராங்கின் ஆரத்தைச் சுழல்வேகத்தின் இருபடியால் பெருக்கினால், ஏவி1-இன் பிஸ்டன் புவியீர்ப்பைப்போல் சுமார் 138 மடங்கு முடுக்கத்துக்கும், ஆர்ஆர் 310-இன் பிஸ்டன் சுமார் 3330 மடங்கு முடுக்கத்துக்கும் ஆளாகின்றன. கனெக்டிங் ராடின் சாய்வால் மேல்முனையில் கூடும் பங்கு இதில் சேரவில்லை. பிஸ்டனின் ஒவ்வொரு 100 கிராமும் ஒன்றில் 14 கிலோ எடைக்கு ஈடாகவும் மற்றொன்றில் 333 கிலோ எடைக்கு ஈடாகவும் பிஸ்டன் பின்னை இழுக்கிறது. 24 மடங்கு வேறுபாடு. ஃபோர்ஜ்டு பிஸ்டனின் உறுதிக்கு இரண்டாவது எஞ்சினில் வேலை உண்டு, முதலாவதில் இல்லை.

3. டீசல் தரும் மறுப்பு

டீசலில் வெடிப்பழுத்தம் பெட்ரோல் எஞ்சினைவிட அதிகமாயிற்றே, அங்கே ஃபோர்ஜ்டு அலுமினியம் வேண்டாமா என்று கேட்கலாம். 1949-இல் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்து டிராக்டர்களும் லாரிகளும் பெரும்பாலும் ஓடியது வார்ப்பு அலுமினியத்தில்தான். மேல் ரிங் பள்ளம் தேயாதிருக்க நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்றைப் பிஸ்டனுக்குள் பதித்தே வார்க்கலாம். தலைக்குக் கீழே ஆயில் சுற்றிக் குளிர்விக்கும் குடைவையும் வார்ப்பிலேயே விடலாம். பிரஸ்ஸில் அமுக்கும் முறையில் இவ்விரண்டும் எளிதல்ல. அழுத்தம் அலுமினியத்தின் எல்லையைத் தாண்டிய கனரக டீசல்கள் எஃகு பிஸ்டனுக்குப் போயின. ஃபோர்ஜிங்தான் எப்போதும் உயர்ந்தது என்ற வரிசை இங்கே நிற்பதில்லை.

4. ஆர்எக்ஸ் 100-இன் சோதனை

1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இன்றும் பிரித்துக் கோப்பவர்கள் தமிழகமெங்கும் உண்டு. அது 98 சிசி, 50-க்கு 50 மி.மீ., 7500 சுற்றில் 11 குதிரைச்சக்தி தரும் டூ-ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு நிகழ்வதால் பிஸ்டன் தலை ஆறுவதற்கு இடைவேளை கிடையாது. இவ்வகை எஞ்சினின் பெரும் எதிரி சூடுதான்: ஜெட் சிறிதானால், காற்று கசிந்தால், ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும் அல்லது தலையில் ஓட்டை விழும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு எரியத் தேவைப்படும் காற்று குறைவு. பழைய ஜெட்டோடு கார்புரேட்டரை விட்டுவைத்தால் கலவை மெலியும். மெலிந்த கலவையின் சூட்டில் ஃபோர்ஜ்டு அலுமினியமும் உருகும். இரும்பு ஸ்லீவுக்குள் அதிகம் விரியும் பிஸ்டனைப் போட்டு, கிளியரன்ஸை மட்டும் பழைய கணக்கில் விட்டால் பிடிப்பு இன்னும் விரைவில் வரும். இங்கே முதலில் மாற்ற வேண்டியது ஜெட்.

5. ஏற்க வேண்டியது

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கென எஞ்சின் கோப்பவர், கம்ப்ரஷனைக் கூட்டுபவர், டர்போ பொருத்துபவர் ஆகியோருக்கு இவ்வாதம் பொருந்தாது. நாக்கிங் ஒருமுறை நேர்ந்தால் எஞ்சினே போகும் நிலையில், நெளிந்து தப்பும் உலோகம் அதன் விலைக்குத் தகுதியானதே. ஆர்ஆர் 310 சாலை வண்டிதானே என்றால், அதில் இரும்பு ஸ்லீவ் இல்லை. பூச்சிட்ட அலுமினிய சிலிண்டர். பிஸ்டனும் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவில் விரியுமாறு சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை. பட்டறையில் பிஸ்டனை மட்டும் மாற்றுபவருக்கு அந்த வசதி கிடைப்பதில்லை.

முடிவு

பிஸ்டன் முழு வட்டமுமல்ல, நேர் உருளையுமல்ல. பின்னுக்குக் குறுக்கே, தயாரிப்பாளர் குறித்த உயரத்தில் அளந்தால்தான் அதன் விட்டம் சரியாகத் தெரியும். அந்த உயரம் தெரியாமல் எடுத்த அளவுக்குப் போரிங் செய்தால் மைக்ரோமீட்டரின் துல்லியம் வீண். எனவே கலவையின் எண், அளக்கும் உயரம், விட வேண்டிய கிளியரன்ஸ் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பிஸ்டன் டப்பாவிலும் அச்சிடுவதைத் தரவிதியாக்க வேண்டும். அதுவரை, இம்மூன்றும் இல்லாத டப்பாவை ‘ஃபோர்ஜ்டு’ என்று எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் விலைக்கு வாங்கப் பொறியியல் காரணம் ஏதுமில்லை.