30 இற்கும் 50 இற்கும் இடையில்: இயக்கச் சமன்பாடுகள் சொல்லும் கணக்கு

புலம்பெயர் நாடுகளில் நம் பிள்ளைகள் பௌதிகத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜேர்மன் மொழியிலோ படிக்கிறார்கள். நாம் படித்தது தமிழில். ஆனாலும் இயக்கச் சமன்பாடுகள் எந்த மொழியிலும் ஒன்றுதான். அவற்றைப் பிள்ளைகளுக்கு விளக்க, நாம் நாளும் ஓட்டும் வாகனத்தைவிட நல்ல உதாரணம் இல்லை.

நேர்கோட்டில் சீரான ஆர்முடுகலுடன் செல்லும் பொருளுக்கு ஐந்து கணியங்கள் உண்டு: தொடக்க வேகம், இறுதி வேகம், ஆர்முடுகல், நேரம், இடப்பெயர்ச்சி. ஆர்முடுகலைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முடுக்கம் என்கின்றன. பெரும்பாலான கணக்குகளுக்கு மூன்று சமன்பாடுகள் போதும்.

1. இறுதி வேகம் = தொடக்க வேகம் + ஆர்முடுகல் × நேரம்

2. இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + ½ × ஆர்முடுகல் × (நேரம்)²

3. (இறுதி வேகம்)² = (தொடக்க வேகம்)² + 2 × ஆர்முடுகல் × இடப்பெயர்ச்சி

எதைத் தெரிவுசெய்வது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஒரு கணியம் இல்லை. முதலாவதில் இடப்பெயர்ச்சி இல்லை. இரண்டாவதில் இறுதி வேகம் இல்லை. மூன்றாவதில் நேரம் இல்லை. தரப்பட்ட மூன்றையும் கேட்கப்பட்ட ஒன்றையும் முதலில் எழுதிக்கொண்டால், கணக்கில் வராத ஐந்தாவது எது என்பது தெரிந்துவிடும். அது இல்லாத சமன்பாடே நமக்குத் தேவையானது.

இனி ஒரு கணக்கு. கார் ஒன்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. 15 மீற்றர் முன்னால் ஒரு குழந்தை வீதிக்கு ஓடி வருகிறது. சாரதி பிரேக்கை அழுத்த 1 செக்கன் ஆகிறது. உலர்ந்த வீதியில் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 7 மீற்றர் எனக் கொள்வோம்.

முதலில் அலகை மாற்ற வேண்டும். 30 ஐ 3.6 ஆல் வகுத்தால் செக்கனுக்கு 8.3 மீற்றர். பிரேக் பிடிக்கும் முன்னரே கார் 8.3 மீற்றர் போய்விடும். அதன் பின் நேரம் தெரியாது, தேவையும் இல்லை. எனவே மூன்றாவது சமன்பாடு. கார் நிற்பதால் இறுதி வேகம் 0. வேகம் குறைவதால் ஆர்முடுகல் −7.

0 = (8.3)² − 2 × 7 × இடப்பெயர்ச்சி

விடை 4.9 மீற்றர். மொத்தம் 13.2 மீற்றர். குழந்தைக்கு முன்னால் கார் நின்றுவிடும்.

அதே கார் 50 இல் வந்தால்? வேகம் செக்கனுக்கு 13.9 மீற்றர். முதல் கார் முழுதாக நிற்கும் தூரத்தில் இந்தச் சாரதி பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். குழந்தைவரை மிச்சம் 1.1 மீற்றர்தான். மீண்டும் மூன்றாவது சமன்பாடு:

(இறுதி வேகம்)² = (13.9)² − 2 × 7 × 1.1

இறுதி வேகம் செக்கனுக்கு 13.3 மீற்றர், அதாவது மணிக்கு 48 கிலோமீற்றர். ஏறத்தாழ முழு வேகத்திலேயே மோதல் நிகழ்கிறது. இந்தக் கார் நிற்க 27.7 மீற்றர் தேவை.

வேகம் வர்க்கமாக வருவதே இதற்குக் காரணம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 2021 இல் பாரிஸ் நகரம் பெரும்பாலான வீதிகளில் 30 கிலோமீற்றர் எல்லையைக் கொண்டுவந்ததையும், 2023 இல் வேல்ஸ் குடியிருப்புப் பகுதிகளில் பொதுவாக 20 மைல் என்று குறைத்ததையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்முடுகல் மாறாதிருந்தால் மட்டுமே இச்சமன்பாடுகள் பொருந்தும். உண்மையில் பிரேக் பிடிக்கும்போது அது சற்று மாறும். நாம் எடுத்தது சராசரி. பனி உறைந்த வீதியில் அது 1 ஆகக் குறைந்தால், 30 இல் வரும் கார் நிற்கவே ஏறத்தாழ 43 மீற்றர் வேண்டும். பனிக்காலத்தில் வேக எல்லைப் பலகையை மட்டும் நம்பி ஓட்டக்கூடாது என்பதும் இதே சமன்பாடு சொல்வதுதான்.

பிள்ளையோடு அமர்ந்து 40 இற்கும் இதே கணக்கைச் செய்து பாருங்கள். பரீட்சைக்கும் உதவும், வீதியிலும் உதவும்.