பழைய மோட்டார் கார்கள் சொல்லும் வரலாறு



கொழும்பிலே 1864ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் கோல்பேஸ் ஹோட்டலுக்குச் சென்றோர், அங்கே பழைய கார் ஒன்று காட்சிப்பொருளாக வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். 1935ஆம் ஆண்டின் 'ஸ்டாண்டர்ட் நைன்' வகையைச் சேர்ந்த சிறிய வண்டி அது. பிற்காலத்தில் எலிசபெத் மகாராணியாரின் கணவரான பிலிப் இளவரசர், 1940இல் இளங் கடற்படையினராக இலங்கையில் இருந்தபோது, பிறர் ஓட்டிய அவ்வண்டியைப் பன்னிரண்டு பவுண் கொடுத்து வாங்கினார். கார் எளியது, அதைத் தொட்ட கை பெரியது. ஆகவே அது பேணப்பட்டது. பழைய வண்டிகளை நாம் எதற்காகப் போற்றுகின்றோம் என்ற வினா அங்கேயே பிறந்துவிடுகின்றது.

இதற்கு நேர்மாறான ஒரு வண்டியைக் கூறுகின்றேன். கல்கத்தாவில் வாழ்ந்த மெத்யூசன் என்னும் செல்வந்தர், 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக் நிறுவனத்தைக் கொண்டு அன்னப்பறவை வடிவில் ஒரு கார் செய்வித்தார். பறவையின் கண்கள் மின்விளக்காய் ஒளிர்ந்தன; அதன் அலகு முன்னே நின்றவர்மீது வெந்நீராவி வீசியது. அவ்வண்டி வீதிக்கு வந்ததும் பெருங்குழப்பம் விளைந்தது. பொலிசார் அதற்குத் தடை விதித்தனர். பின்னர் நாபா மன்னரின் உடைமையான அவ்வண்டி, இன்று ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரிலுள்ள லூவ்மன் நூதனசாலையில் நிற்கின்றது. காண்போர் வியக்கின்றனர். ஆனால் வெந்நீராவிக்கு அஞ்சி ஓரமாய் ஒதுங்கிய பாதசாரியின் கதையைச் சொல்ல அங்கே எவருமில்லை.

ஆடம்பரம் அனைத்தும் வீணென்று நான் கூறவில்லை. 1907ஆம் ஆண்டில் ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்தின் 'சில்வர் கோஸ்ட்' என்ற கார், தொடர்ந்து 14,371 மைல் தூரம் பழுதினால் நில்லாமல் ஓடிக் காட்டியது. அக்காலத்தில் அந்நிறுவனம் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையுமே செய்தது. மேற்கூட்டைத் தச்சரும், தோல்வேலை செய்வோரும், வண்ணம் பூசுவோரும் தனிப் பட்டறைகளிலே கையால் அமைத்தனர். எனவே அத்தகைய காரைப் போற்றும்போது, பெயரறியாத அக்கைவினைஞரையும் நாம் போற்றுகின்றோம்.

மோட்டார் காரின் தொடக்கமும் கைத்திறனின் கதையேயாகும். கார்ல் பென்ஸ் 1886இல் தமது மூன்று சில்லு வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஈராண்டுகளின் பின் அவருடைய மனைவி பெர்தா, தம் புதல்வர் இருவருடன் அத்தகைய வண்டியில் ஏறி, மன்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்தார். எரிபொருளை வழியிலிருந்த மருந்துக்கடையில் வாங்கினார். அடைபட்ட எரிபொருட் குழாயைத் தொப்பி ஊசியால் துப்புரவு செய்தார்.

அந்த முதல் வண்டியின் நேர்படியொன்றைத் தமிழர் காணத்தக்க இடம் கோயம்புத்தூராகும். அங்கே அவிநாசி சாலையில், பல நாடுகளின் பழைய கார்களைக் கொண்ட ஜீடி கார் நூதனசாலை 2015இல் திறக்கப்பட்டது. அது ஜி. டி. நாயுடு அவர்களின் நினைவோடு பிணைந்தது. 1893இல் பிறந்த அவர், ஹோட்டலில் ஊழியம் செய்து பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதைக் கழற்றிப் பூட்டி அதன் நுட்பத்தைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் வண்டியை ஓட்டத் தொடங்கி, பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார். காரைக் கண்டு ஒதுங்கி நிற்பவன் ஒருவன். கண்டு வியப்பவன் ஒருவன். அதைக் கழற்றிப் பார்ப்பவன் மற்றொருவன். சமுதாயம் முன்னேறுவது இம்மூன்றாமவனாலேயே.

நேயர்களே, அத்தகையோர் நமது கரையிலும் இருந்தனர். 1928இல் மட்டக்களப்பை அடைந்த புகையிரதப் பாதை அதற்குத் தெற்கே நீளவில்லை. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் வீதியே கதியாயிற்று. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமானது. ஆயினும் கல்யாண வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் ஏழை மக்கள் நம்பியது வாடகைக் காரைத்தான். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிற்று. அந்நாளில் கல்முனைக்குடியில் ஒரு மெக்கானிக், மொரிஸ் மைனர் காரொன்றின் தேய்ந்த பாகத்துக்கு ஈடாக, பழைய இரும்புத்துண்டை அராவி அராவிப் புதியதொன்றை உருவாக்கியதைச் சிறுவனாய் அருகிலே குந்தியிருந்து கண்டேன். அன்றிரவே அவ்வண்டி ஒரு பிரசவத் தாயை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றது.

அந்தக் காரும் இன்றில்லை. அந்தப் பட்டறையும் இன்றில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை எமது கரையோரத்தில் உயிர்களோடு வீடுகளையும், வீடுகளோடு பழைய படங்களையும் பத்திரங்களையும் கொண்டுபோயிற்று. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு மாத்திரமே. அதுவும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

ஆதலால் என் மாணவர்க்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கின்றேன். நூதனசாலைக்குச் சென்றால் பளபளக்கும் கார்களைக் கண்குளிரக் காணுங்கள். கண்டபின், இதைச் செய்தவர் யார், செலுத்தியவர் யார், பழுது நீக்கியவர் யார் என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் ஊரின் பழைய சாரதியிடம் சென்று, அவர் கூறுவதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இளவரசரின் காரைப் பேண ஹோட்டல் இருக்கின்றது. நம் மெக்கானிக்கின் பெயரைப் பேண நம்மைத் தவிர வேறு யார் இருக்கின்றனர்?