வேட்டிக்கு ஒரு சல்யூட்! – திருப்பூர் சொன்ன கதை

ஒரு பொருள் விற்க என்ன வேண்டும்? தரம், விலை, விளம்பரம் என்று சொல்வார்கள். நான்காவதாக ஒன்றும் வேண்டும். அதுதான் கதை! கொங்கு நாட்டு வேட்டியின் வரலாற்றைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

முதல் கதை கதர். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அவர் வளர்த்த கதர் இயக்கத்துக்குத் தமிழ்நாட்டில் முக்கிய மையமாக இருந்த ஊர் திருப்பூர். 1932 ஜனவரி 10 அன்று அங்கே கொடியேந்திச் சென்ற குமரன் போலீஸ் தடியடிக்கு ஆளாகி மறுநாள் உயிர் நீத்தார். அந்தக் காலத்தில் கதர் வாங்கியவர் துணியோடு சேர்த்து ஒரு கொள்கையையும் வாங்கினார். விற்பனை உத்திகளைச் சமூக நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்கு "சமூகச் சந்தைப்படுத்தல்" என்று பிலிப் கோட்லரும் ஜெரால்டு சால்ட்மனும் பெயர் வைத்தது 1971-ல்தான். திருப்பூர் அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது!

சுதந்திரத்துக்குப் பிறகு காற்று திசை மாறியது. ஆபீசுக்கும் கல்லூரிக்கும் பேண்ட் வந்தது, வீட்டில் கைலி வந்தது. திருப்பூரும் பனியனில் பெயர் வாங்கியது. வேட்டி மெல்ல மெல்லக் கல்யாண வீட்டுக்கும், அரசியல் மேடைக்கும், வயதானவர்களுக்கும் உரிய உடையாகச் சுருங்கியது.

1983-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஏழைகளுக்குப் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை தரும் திட்டத்தை எம்.ஜி.ஆர். அரசு தொடங்கியது. அதே ஆண்டு, அப்போது கோவை மாவட்டத்தில் இருந்த திருப்பூரில், அவிநாசியைச் சேர்ந்த கே.ஆர். நாகராஜன் ராம்ராஜ் நிறுவனத்தைத் தொடங்கினார். தந்தை ராமசாமியின் பெயரிலிருந்து "ராம்", தன் பெயரிலிருந்து "ராஜ்".

அவர் முன் இருந்த சிக்கல் துணியின் தரம் அல்ல, கட்டுபவரின் கூச்சம். வேட்டி கட்டியதற்காக ஒரு நட்சத்திர ஹோட்டலில் தன்னையே உள்ளே விடவில்லை என்று நாகராஜன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த அவமானத்தை விளம்பரம் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. வேட்டி கட்டியவர் கம்பீரமாக நடந்து வருகிறார், எதிரே இருப்பவர்கள் சல்யூட் அடிக்கிறார்கள்! நூலின் எண்ணிக்கை பற்றியோ சாயம் பற்றியோ பேச்சே இல்லை. பார்ப்பவர் மனதில் நின்றது மரியாதை மட்டும்தான்.

ஆனால் விளம்பரத்தில் கிடைத்த சல்யூட் எல்லா வாசலிலும் கிடைத்துவிடவில்லை. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. சட்டமன்றம் வரை எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்! கதை மனதைத்தான் மாற்றும், கதவைத் திறக்கச் சட்டம் தேவைப்பட்டது.

இந்தக் கதையில் ஒருவர் மட்டும் கண்ணில் படுவதே இல்லை. அவர்தான் நெசவாளி. கட்டுபவரின் பெருமை விளம்பரத்தில் வருகிறது, நெய்தவரின் முகம் வருவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தது 1935-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த உ. சகாயம் 2014 ஜனவரியில் வேட்டி தினத்தைப் பிரபலமாக்கினார். சேலையோடு அதை நெய்தவரின் படமும் விவரமும் அச்சிட்ட அட்டையை இணைத்ததும் அவர் காலத்தில்தான். கடையில் சேலையைப் பிரிப்பவர், அதற்குப் பின்னால் தறியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரையும் பார்த்தார்.

சில வேட்டி, சேலை வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஆனாலும் விசைத்தறியின் விலையோடு கைத்தறி மோத முடிவதில்லை. விலையில் தோற்கிற பொருளுக்கு மிஞ்சியிருக்கும் பலம் அதன் கதைதான். கதர் தேசத்தின் கதையைச் சொன்னது. ராம்ராஜ் கட்டுபவரின் கதையைச் சொன்னது. நெய்தவரின் கதையை அந்தச் சின்ன அட்டை சொல்லத் தொடங்கியது. அடுத்த முறை வேட்டி வாங்கும்போது, இதை நெய்தது யார் என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே!