முகவரி தெரிந்த கலவரம்

புரோசார்ட்டில் ஒரு தெருப்பெயரின் முதலெழுத்தை வைத்தே அது நகரின் எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம். மொன்றியலுக்கு எதிரே, செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் தென்கரையில், வட்டாரத்துக்கு ஓர் எழுத்தாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் நகராட்சியானது 1958இல். அதே ஆண்டு மே மாதத்தில்தான் இலங்கையில் தமிழர் மீதான வன்முறை முதன்முறையாகத் தீவெங்கும் பரவியது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் 1983க்குப் பிறகு மொன்றியலில் வந்திறங்கிய தமிழருக்கு, ஒருவர் வீட்டை எளிதில் கண்டுபிடிக்க முடிவது எப்போதும் நன்மையல்ல என்பது தெரிந்திருந்தது. அவர்கள் விட்டு வந்த கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தன.

1983 யூலையில் நடந்த அந்த வன்முறையை மக்களின் கொதிப்பு என்றே ஜெயவர்த்தன அரசு சொன்னது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதும், அவர்களது உடல்கள் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டதும், பொரளை மயானத்தில் கூட்டம் கொந்தளித்ததும் உண்மை. ஆனால் கோபத்துக்கு வீட்டிலக்கம் தெரியாது. சிங்களவருக்குச் சொந்தமான வீட்டில் தமிழர் வாடகைக்கு இருந்த இடங்களில், தட்டுமுட்டுச் சாமான்களை மட்டும் தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டு வீட்டை விட்டுவைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெலிக்கடைச் சிறையிலோ யாரையும் தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் தமிழரைத் தம் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காத்த சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். வெறுப்பு எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்கவில்லை. அழிவை ஒரே சீராக நடத்தியது இடாப்பு.

இந்தக் காகித வேலை 1983இல் தொடங்கியதல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. எழுபதுகளின் தரப்படுத்தலில் தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழகம் புகக் கூடுதல் புள்ளி வேண்டியதாயிற்று. இவை மூன்றும் காகிதத்தில் எழுதப்பட்டவை. இவையெல்லாம் பாகுபாடுதானே, பாகுபாடு காட்டும் நாடுகளெல்லாம் இனப்படுகொலை செய்துவிடுகின்றனவா என்று கேட்கலாம். செய்துவிடுவதில்லை. இடாப்பும் குடிசன மதிப்பீடும் இல்லாமல் அரசாங்கம் நடக்காது என்பதும் சரிதான். ஆனால் ஒரு மக்கள்கூட்டத்தைத் தனியாக எண்ணி, தனியாகக் கழித்து, அதைச் சட்டமாகவும் பழக்கமாகவும் ஆக்கிவிட்ட நாட்டில், கொலைக்குப் புறப்படுபவனுக்குப் பாதி வேலை முன்பே முடிந்துவிடுகிறது. பெல்ஜியர் ஆட்சி ருவாண்டாவில் அடையாள அட்டையில் இனத்தை எழுதிவைத்தது. 1994இல் வீதித்தடைகளில் அந்த ஒரு வரியைப் பார்த்துத் துட்சி இனத்தவரை வெட்டினார்கள். மொன்றியலில் வளர்ந்த ஜெனரல் ரோமியோ தலேர் அங்கே ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கினார். கிகாலியிலுள்ள துட்சிகள் அனைவரையும் பதிவுசெய்யும்படி தனக்கு உத்தரவு வந்திருப்பதாகவும், அது அவர்களைக் கொல்வதற்காகவே இருக்கும் என்று நினைப்பதாகவும் ஒருவர் சொன்னதை, 1994 ஜனவரி 11 அன்று நியூயோர்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு எழுதினார். ஆயுதக் கிடங்குகளைக் கைப்பற்றப்போவதாகவும் அறிவித்தார், அனுமதி கிடைக்கவில்லை. கொலைகள் தொடங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. தடுக்க வேண்டிய நேரம் அந்த மூன்று மாதம்தான்.

இலங்கையில் நடந்ததை இனப்படுகொலை என்று நீதிமன்றம் எதுவும் தீர்ப்பளிக்கவில்லையே என்பது அடிக்கடி வரும் மறுப்பு. பெயர் பற்றிய வழக்கு நியாயமானதே. அதற்காகத் தடுக்கும் கடமை காத்திருக்க வேண்டியதில்லை. பொஸ்னியா வழக்கில் 2007இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: பாரதூரமான ஆபத்து இருப்பதை ஓர் அரசு அறிந்த கணத்திலேயே, அல்லது அறிந்திருக்க வேண்டிய கணத்திலேயே, கடமை தொடங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, இலங்கையில் இறுதிப் போர் நடந்த வன்னியில் அந்தக் கடமை சோதனைக்கு வந்தது. இம்முறை காகிதம் ஆட்களைத் தேடவில்லை, மறைத்தது. போர்ப்பகுதியில் சுமார் 70,000 பொதுமக்களே இருப்பதாக 2009 தொடக்கத்தில் அரசு சொன்னது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கில்தான் போயின. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2,80,000 பேருக்கு மேல். கனடா நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழின அழிப்பு நினைவுநாளாக ஏற்றது 2022இல். ஆனால் 2009இல் அரசாங்கங்கள் தட்டிக் கேட்டிருக்க வேண்டியது, அந்த 70,000 என்ற எண்ணை.