அம்பின் தெரிவும் வேட்டுவர் அறிவும்

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பது தமிழர் பழமொழி. குற்றம் புரிந்தவனை விடுத்துக் கருவியை வெறுத்தல் முறையன்று என்பது அதன் கருத்து. நீதிக்கு இஃது ஒக்கும், வேட்டைக்கு ஒவ்வாது. வில் நன்றாய், கை உறுதியாய், கண் கூரியதாய் இருப்பினும், அம்பு வில்லோடு பொருந்தாதாயின் குறி தவறும். குறி தவறிய வேட்டுவன் அன்றிரவு பசித்திருப்பான். அன்றேல், புண்பட்ட விலங்கு காட்டினுள் ஓடி எவருக்கும் பயன்படாது மடியும். ஆதலின், வில்லால் உயிர்வாழ்ந்த மக்கள் அம்பைத் தெரிவதிலும் திருத்துவதிலும் பெருங்கருத்துச் செலுத்தினர். அவர்தம் அறிவு எத்துணை நுட்பமானது என்பதற்கு, வட அமெரிக்காவில் யாகி என்னும் குலத்தின் இறுதி மனிதனுடைய வரலாறு சிறந்த சான்றாகும்.

கலிபோர்ணியாவின் வடபகுதி மலைகளில் வாழ்ந்த யாகி மக்கள், பொன் நாடி வந்த வெள்ளையர் அங்குக் குடியேறிய பின்னர் பேரழிவுக்கு உள்ளாயினர். 1860களில் நிகழ்ந்த படுகொலைகளுக்குத் தப்பிய ஒரு சிலர் காடுகளில் ஒளித்து வாழ்ந்து ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். எஞ்சிய ஒருவன் 1911 ஆம் ஆண்டு ஆகஸ்து 29 ஆந் திகதி, ஒறவில் என்னும் ஊரின் அருகே பசியால் மெலிந்த நிலையிற் காணப்பட்டான். மானிடவியல் அறிஞரான அல்பிரெட் குறோபரும் அவர்தம் துணைவரும் அவனைச் சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்த பல்கலைக்கழக அரும்பொருளகத்திற் குடியமர்த்தினர். தன் பெயரைத் தானே கூறுதல் அவன் குலத்து வழக்கன்று. ஆகவே, ‘மனிதன்’ எனப் பொருள்படும் ‘இஷி’ என்னும் சொல்லே அவனுக்குப் பெயராயிற்று. அரும்பொருளகத்தின் அயலிலிருந்த மருத்துவக் கல்லூரியில் சத்திரசிகிச்சை கற்பித்த சாக்ஸ்ரன் போப் என்பார் அவனுக்கு மருத்துவராகவும், பின்னர் நண்பராகவும், ஈற்றில் மாணவராகவும் ஆயினர். இஷியிடம் அவர் கற்றவற்றை 1918 இல் வெளியான ‘யாகி வில்வித்தை’ என்னும் ஆய்வும், 1923 இல் வெளியான வேட்டை நூலும் விரித்துரைக்கின்றன.

இஷி அம்பு செய்த முறை நோக்கத்தக்கது. ‘விச்சேசல்’ எனப் போப் குறிக்கும் செடியின் நேரிய கிளைகளை அவன் வேண்டியவற்றினும் மிகுதியாக வெட்டுவான். பட்டையை உரித்து, ஒருங்கு சேர்த்துக் கட்டி, நிழலில் உலரவிடுவான். உலர்ந்தபின் அவற்றுட் சிறந்தவற்றை மட்டும் பொறுக்குவான். வளைந்த இடத்தைத் தணலிற் காட்டி, சூடேறியதும் கட்டைவிரலின் அடியிலோ காற்பெருவிரலிலோ அழுத்தி நிமிர்த்துவான். பின்னர் ஒரு கண்ணை இடுக்கித் தண்டின் நீளம் முழுவதையும் நோக்கி, எஞ்சிய கோணலை ஒவ்வொன்றாய்ப் போக்குவான். இரு மணற்கற்களுக்கிடையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஏறத்தாழ 26 அங்குல அளவினவாகத் தறிப்பான். சில அம்புகளின் முன்நுனியைத் துளைத்து, பாரமான வேறொரு மரத்துண்டைச் செருகித் தசைநாராற் கட்டுவான். எரிமலைக் கண்ணாடிக் கல்லை மான்கொம்பின் நுனியால் நெருக்கிச் சிறு சிறு சில்லுகளாகப் பெயர்த்து அம்புத்தலை ஆக்குவான். அவன் அம்புகளை ஐந்து ஐந்தாகவே செய்தான் என்பர். ஒரு தொகுதியின் அம்புகள் யாவும் ஒரே மரத்தால், ஒரே பருமனில், ஒரே நீளத்தில் அமைந்தன.

இவ்வொருமைப்பாட்டின் காரணம் யாது? அம்பு வில்லின் நடுவே செல்வதில்லை. அதன் பக்கமாகவே செல்கின்றது. நாணோ விடுபட்டதும் வில்லின் நடுவை நோக்கியே பாய்கின்றது. ஆகவே அம்பு குறியை விட்டு ஒருபுறம் விலகிச் செல்லவேண்டும். ஆயினும் நல்ல அம்பு குறியிலேயே தைக்கின்றது. இதனை அமெரிக்கரான றொபேட் எல்மர் ‘வில்லாளியின் முரண்புதிர்’ என வழங்கினார். 1930களில் கிளாறன்ஸ் ஹிக்மன் என்னும் பௌதிக அறிஞர் அதிவேகப் படக்கருவியைக் கொண்டு இப்புதிரை விளக்கினார். நாண் உந்தும்போது அம்பு நேராக நிற்பதில்லை. மீன்போல் இருபுறமும் வளைந்து நெளிந்து, வில்லைத் தீண்டாது சுற்றிக் கடந்து, பின்னரே நேர்ப்படுகின்றது. இந்நெளிவு வில்லின் விசைக்கு ஏற்ற அளவினதாதல் வேண்டும். விறைப்பு மிக்க அம்பு போதிய அளவு வளையாது. விறைப்புக் குறைந்ததோ மிகையாக வளையும். இரண்டும் குறி தவறும்.

இக்காலத்தார் இவ்விறைப்பைக் கணக்கால் அளப்பர். 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் தண்டை வைத்து, நடுவில் இரண்டு இறாத்தல் நிறையைத் தொங்கவிட்டு, தண்டு எத்துணை தாழ்கின்றது எனக் காண்பர். அரை அங்குலம் தாழுமாயின், 26 ஐ அரையால் வகுக்க வரும் 52 இறாத்தல் விசையுள்ள வில்லுக்கு அது ஏறத்தாழப் பொருந்தும் என்பர். இறுதி முடிபு எய்து பார்ப்பதனாலேயே கிட்டும். இறகிட்ட அம்புகளோடு இறகற்ற தண்டொன்றையும் அதே குறிக்கு எய்வர். வில்லை இடக்கையிலேந்தி அதன் இடப்பக்கத்தே அம்பை வைத்து எய்பவனுக்கு, இறகற்ற தண்டு இடப்புறம் விலகுமாயின் அது மிக விறைப்பானது. வலப்புறம் விலகுமாயின் விறைப்புப் போதாதது. முன்னதற்குப் பாரமான தலையையோ நீளங்கூடிய தண்டையோ தெரிவர். பின்னதைச் சிறிது தறித்துக் குறுக்குவர், அன்றேல் தலையின் பாரத்தைக் குறைப்பர்.

வேட்டையம்புக்கு விறைப்பு மட்டும் போதாது. பாரமும் வேண்டும். இலேசான அம்பு விரைந்து செல்லுமாயினும் ஊடுருவும் ஆற்றலிற் குறைந்தது. பாரமானது மெதுவாகச் சென்றும் ஆழப் பாயும். முன்பாரம் அம்பை நேர்ப்படுத்தத் துணைபுரியும். பின்னிறகு அதன் தள்ளாட்டத்தை அடக்கும். இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்திருத்தலின், ஓர் அம்புக்கு ஒரே பக்கத்துச் சிறகிலிருந்தே இறகுகளைத் தெரிதல் வேண்டும். அகன்ற தலையும் காற்றைப் பிடித்து அம்பை அலைக்குமாதலின், இறகு அதற்கு ஈடாக அமைதல் வேண்டும். இஷியின் வில் ஏறத்தாழ 40 இறாத்தல் விசையுடையதே. வேட்டைக்கு முன்னர் மீனும் புகையிலையும் நீக்கி, நீராடி, தன் உடல் நாற்றத்தை விலங்கு அறியாவண்ணம் காத்து, மிக அணுகிச் சென்றே அவன் எய்தான். தொலைவிலுள்ள பெருங்குறிக்கு எய்யும் போட்டியில் போப் அவனை வென்றதுண்டு. காட்டிலோ இஷியே ஆசிரியன்.

அம்பின் அளவும் வடிவும் தன் கருத்துக்கு இசையவேண்டும் என்னும் உறுதி ஈழத்து வேட்டுவரிடத்தும் விளங்கியது. 1660 இல் இத்தீவிற் சிறைப்பட்டு 1679 இல் தப்பிய றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலில் வேடர் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். வேடர் இரவிற் கொல்லனது பட்டறைக்கு இறைச்சியைக் கொணர்ந்து தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்புத்தலையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் வைத்துச் செல்வராம். கொல்லன் அவ்வாறே செய்து வைப்பின் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாதொழியின் இரவில் அம்பு வந்து பாயும். இரும்பு உருக்க அறியாதவராயினும், எவ்வடிவு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தனர். அவ்விலையே அவர்தம் வரைபடமாயிற்று.

இஷி 1916 ஆம் ஆண்டு மார்ச்சு 25 ஆந் திகதி காசநோயால் இறந்தான். அவன் உடலெச்சங்கள் 2000 ஆம் ஆண்டிலேயே அவனுக்கு உறவான பழங்குடியினரிடம் கையளிக்கப்பட்டன. ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் அவன் நகரில் வாழ்ந்திராவிடின், தணலில் தண்டு நிமிர்த்தும் அக்கை நுட்பமும் அவனோடு மாய்ந்திருக்கும். படக்கருவி கண்டு சொன்ன உண்மையை அவன் சூத்திரமாக எழுதவில்லை. பொறுக்கியெடுத்த ஐந்து தண்டுகளில் வைத்துக் காட்டினான். எழுத்தறியாத மக்களை அறிவற்றோர் என எண்ணுதல் வரலாறு கற்போர் பலர்க்கும் நேரும் பிழை. அத்தகையோர் ஓர் அம்பைக் கையிலெடுத்து அதன் நேர்மையை ஒருமுறை கண்ணால் அளந்து பார்ப்பாராயின் அப்பிழை நீங்கும்.