பைசாந்தியமும் பல்கேரியாவும்: இரு முடிகள், ஒரு சமயம்

இடைக்காலத்தில் பால்கன் தீபகற்பத்தைப் பங்கிட்டு ஆண்ட இரு அண்டைப் பேரரசுகள் பைசாந்தியமும் பல்கேரியாவும். 681-இல் பல்கர்களின் அரசைப் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் உடன்படிக்கை மூலம் ஏற்றுக்கொண்டது. 1393-இல் பல்கேரியத் தலைநகர் தர்னோவோ உஸ்மானியரிடம் வீழ்ந்தது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இரு அரசுகளும் அடிக்கடி போரிட்டன. ஆனாலும் அவற்றின் உறவைத் தீர்மானித்த கேள்வி போர்க்களத்துக்கு வெளியே இருந்தது: அரசனுக்கு முடியும், திருச்சபைக்குத் தலைமையும் யார் தருவது?

பைசாந்தியம் இதற்கு ஒரே விடையை வைத்திருந்தது. விண்ணில் ஒரு கடவுள்; மண்ணில் அவர் சாயலாக ஒரு பேரரசர். கான்ஸ்டாண்டிநோபிளின் முதுபெருந்தந்தை அவருக்கு முடிசூட்டுவார். திருச்சபையின் பொதுச்சங்கத்தைக் கூட்டும் உரிமை பேரரசருடையது. அதற்காகச் சபை அரண்மனையின் ஏவலாளாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. ஆறாம் லியோ நான்காம் முறை மணம் செய்தபோது, முதுபெருந்தந்தை நிக்கோலாஸ் மிஸ்டிகோஸ் அவரைக் கோயிலுக்குள் விட மறுத்தார். 907-இல் பதவியை இழந்த அவர், ஐந்தாண்டுகளில் மீண்டும் அதே இருக்கைக்கு வந்தார்.

பல்கேரியாவின் நிலை வேறு. பழைய சமயத்தைப் பின்பற்றிய பல்கர் பிரபுக்கள் சிறுபான்மையினர். குடிகளில் பெரும்பாலோர் ஸ்லாவியர். 811-இல் குரும் கான் பேரரசர் முதலாம் நிக்கெபோரசைக் கொன்று, அவர் மண்டையோட்டில் வெள்ளி பதித்து மதுக்கிண்ணமாக்கினான் என்று பைசாந்திய வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார். அவன் மகன் ஒமுர்தாக், கிரேக்க மொழியில் பொறித்த கல்வெட்டுகளில் தன்னைக் கடவுளால் ஆட்சி பெற்றவன் என்றே அழைத்துக்கொண்டு, கிறித்தவர்களைத் துன்புறுத்தினான். வலிமைக்குக் குறைவில்லை, இரு இனத்தாரையும் ஒரே குடியாக்கும் பிணைப்புதான் இல்லை.

அந்தப் பிணைப்பைத் தேடியவர் முதலாம் போரிஸ். அவர் கிழக்கு பிராங்கியரோடு நெருங்குவதைக் கண்ட பைசாந்தியம் படையையும் கப்பல்களையும் அனுப்பியது. நாட்டில் பஞ்சமும் வாட்டியது. 864 வாக்கில் போரிஸ் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு ஞானத்தந்தையாக நின்றவர் பேரரசர் மூன்றாம் மிக்கேல்; அவர் பெயரையே போரிசும் ஏற்றார். ஞானத்தந்தைக்கு ஞானமகன் கட்டுப்பட்டவன் என்பதால், கான்ஸ்டாண்டிநோபிளின் கண்ணில் இது கிட்டத்தட்ட ஒரு பணிவுப் பத்திரம். பழைய சமயத்தை விடாத பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தனர். போரிஸ் 52 குடும்பத் தலைவர்களைப் பிள்ளைகளோடு கொன்று கிளர்ச்சியை அடக்கினார். பின்னாளில் புனிதராக வணங்கப்பட்டவர் அவர் என்றாலும், இந்தக் கொடுமையைச் சொல்லாமல் அவர் வரலாற்றைச் சொல்ல முடியாது.

சபை பைசாந்தியத்தின் கையில் இருந்தால் நாடும் அதன் கைக்குப் போய்விடும் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 866-இல் ரோமுக்குத் தூதர்களை அனுப்பினார். அவர் கேட்ட கேள்விகளுக்குத் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் 106 பகுதிகளில் எழுதிய பதில் இன்றும் கிடைக்கிறது. ஒரு நாடு சமயம் மாறும்போது அன்றாட வாழ்வில் எவையெல்லாம் ஆட்டம் காண்கின்றன என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் இடைக்கால ஆவணங்கள் அரிது. புதன், வெள்ளிக் கிழமைகளில் குளிக்கலாமா? கால்சட்டை அணியலாமா? போருக்குக் குதிரைவாலைக் கொடியாகக் கொண்டு செல்லலாமா? கொடிக்குப் பதில் சிலுவையை ஏந்துங்கள் என்றார் திருத்தந்தை; கால்சட்டையைப் பாவமாக அவர் கருதவில்லை. கிளர்ச்சிக்காரர்களின் குற்றமற்ற பிள்ளைகளைக் கொன்றது பாவம் என்றும் கண்டித்தார். இவற்றுக்கிடையே அரசியலின் உயிர்நாடியான கேள்வியும் வருகிறது: எங்களுக்கென ஒரு முதுபெருந்தந்தையை வைத்துக்கொள்ளலாமா? அதற்கு ரோம் உடனே இசையவில்லை. போரிஸ் விரும்பிய போர்மோசுஸ் என்ற ஆயரைப் பேராயராகத் தரவும் மறுத்தது. போரிஸ் மீண்டும் கிழக்கே திரும்பினார். 870-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் எடுத்த முடிவின்படி பல்கேரியத் திருச்சபை அந்நகரின் மேலாண்மைக்குள் வந்தாலும், தனக்கென ஒரு பேராயரையும் கணிசமான தன்னாட்சியையும் பெற்றது. இரு பெருந்தலைமைகளையும் மாறி மாறி அணுகி போரிஸ் பெற்றது இது.

ஆனால் வழிபாடு கிரேக்க மொழியில் நடந்தது, குருமார்களும் கிரேக்கர்கள். 885-இல், ஸ்லாவியருக்குச் சமயம் போதித்த மெத்தோடியுஸ் இறந்ததும் மொராவியாவிலிருந்து துரத்தப்பட்ட அவர் சீடர்கள் பல்கேரியாவை அடைந்தபோது போரிஸ் அவர்களைக் கைநீட்டி வரவேற்றார். ஸ்லாவிய மொழிக்காக மெத்தோடியுசும் அவர் தம்பி சிரிலும் அமைத்த எழுத்தும் வழிபாட்டு நூல்களும் அவர்களோடு வந்தன. அச்சீடர்களில் ஒருவரான கிளமெந்த் ஒக்ரிட் பகுதியில் 3,500 மாணவர்களைப் பயிற்றுவித்ததாக அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 889-இல் போரிஸ் துறவு பூண்டபின் மூத்த மகன் விளாதிமிர் பழைய சமயத்துக்குத் திரும்ப முயன்றான். மடத்திலிருந்து வெளியே வந்த தந்தை 893-இல் மகனின் கண்களைப் பறித்து, இளையவன் சிமியோனை அரியணையில் அமர்த்தினார். தலைநகர் பிளிஸ்காவிலிருந்து பிரெஸ்லாவுக்கு மாறியது. ஸ்லாவிய மொழி சபைக்கும் அரசுக்கும் உரியதாயிற்று. பல்கேரியாவின் முழு வரலாற்றிலும் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்பேன். பல்கரும் ஸ்லாவியரும் ஒரே மக்களானது இந்த மொழியில்தான். கிளமெந்தின் காலத்துக்குச் சற்றுப் பின் பரவிய சிரிலிக் எழுத்து செர்பியாவையும் ருசிய நிலங்களையும் சென்றடைந்தது.

சிமியோன் கான்ஸ்டாண்டிநோபிளில் கல்வி கற்றவர்; அரைக் கிரேக்கர் என்றே பேசப்பட்டவர். மண்ணில் ஒரே பேரரசர் என்ற பைசாந்தியக் கோட்பாட்டை உள்ளிருந்து கற்றதாலேயே அவர் ஆசை அரசப் பதவியோடு நிற்கவில்லை. பேரரசுப் பதவியைக் கேட்டது. 913-இல் படையோடு நகர வாயிலுக்கு வந்தார். சிறுவனான ஏழாம் கான்ஸ்டன்டைனுக்காக ஆட்சி நடத்திய நிக்கோலாஸ் மிஸ்டிகோஸ் அவரை வரவேற்று ஏதோ ஒரு முடிசூட்டுச் சடங்கும் செய்தார். அது எந்தப் பதவிக்கான முடி என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. 917-இல் அக்கெலோஸ் ஆற்றங்கரையில் பைசாந்தியப் படையை நொறுக்கிய பிறகு சிமியோன் தன்னை ரோமானியருக்கும் பேரரசர் என்றார். பல்கேரியருக்குப் பேரரசர் என்பதைப் பொறுத்துக்கொண்டாலும், ரோமானியருக்குப் பேரரசர் என்பதைக் கான்ஸ்டாண்டிநோபிளால் பொறுக்க முடியவில்லை.

சிமியோன் 927-இல் இறந்ததும் சமாதானம் வந்தது. அவர் மகன் பீட்டர், பேரரசர் ரோமானோசின் பேத்தி மரியாவை மணந்தார். பேரரசர் என்ற பட்டமும் முதுபெருந்தந்தை பதவியும் ஒருசேர ஏற்கப்பட்டன. ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமையாகாது என்று இரு தரப்பும் கருதின. அரச குலப் பெண்ணை அந்நியருக்குக் கொடுத்ததற்காக ஏழாம் கான்ஸ்டன்டைன் பின்னாளில் ரோமானோசைக் கல்வியற்றவர் என்று பழித்து எழுதினார். இதே பீட்டரின் காலத்தில் பொகொமில் இயக்கம் எழுந்தது. பருப்பொருள் உலகைத் தீயசக்தியின் படைப்பாகக் கண்ட அவ்வியக்கத்தார் சிலுவையையும் குருமார்களையும் மறுத்தனர். அரசனுக்குப் பணிய வேண்டாம் என்று கற்பிப்பதாகக் குரு கோஸ்மாஸ் அவர்களைக் கண்டித்தார். முடியும் சபையும் ஒன்றையொன்று தாங்கி நின்ற நாட்டில் ஒன்றை மறுத்தவர் இரண்டையும் மறுத்தவராகவே தெரிந்தார்.

971-இல் பைசாந்தியப் பேரரசர் யோவான் சிமிஸ்கெஸ் பிரெஸ்லாவைப் பிடித்தார். பல்கேரிய அரசர் இரண்டாம் போரிசின் முடி ஹாகியா சோபியா கோயிலுக்குக் காணிக்கையாயிற்று. மேற்கே சாமுவேல் தொடர்ந்த எதிர்ப்பை 1014-இல் கிளெய்டியோனில் உடைத்த பேரரசர் இரண்டாம் பாசில், 1018-இல் நாட்டை முழுதாக இணைத்தார். வெற்றிக்குப் பின் பாசில் செய்தது நுட்பமானது. முதுபெருந்தந்தைப் பதவியை ஒக்ரிட் பேராயப் பதவியாகத் தாழ்த்தினார். ஆனால் அதைக் கான்ஸ்டாண்டிநோபிளின் முதுபெருந்தந்தைக்குக் கீழ்ப்படுத்தாமல், பேராயரை நியமிக்கும் உரிமையைப் பேரரசருக்கே வைத்துக்கொண்டார். முதல் பேராயராக ஒரு பல்கேரியரையே விட்டுவைத்தார்.

1185-இல் அசென், பீட்டர் சகோதரர்கள் தர்னோவோவில் பைசாந்திய ஆட்சிக்கு எதிரான எழுச்சியைத் தொடங்கியபோது, புனித தெமேத்ரியுஸ் தெசலோனிக்காவைக் கைவிட்டுத் தங்களிடம் வந்துவிட்டார் என்று அறிவித்தனர். அந்த ஆண்டுதான் தெசலோனிக்காவை நார்மன்கள் சூறையாடியிருந்தனர். அசென், பீட்டரின் தம்பி கலோயான் 1204-இல் திருத்தந்தையின் தூதர் கையால் அரசராக முடிசூடினார். 1235-இல் இரண்டாம் இவான் அசென், கிழக்குத் திருச்சபைகளின் ஒப்புதலோடு தர்னோவோவில் முதுபெருந்தந்தைப் பதவியை மீண்டும் நிறுவினார். 1393-இல் நகரம் விழுந்தபின் அப்பதவி அற்றுப்போனது. பாசில் அமைத்த ஒக்ரிட் பேராயம் மட்டும் உஸ்மானிய ஆட்சியிலும் 1767 வரை நீடித்தது.