பூசணம் பிடித்த புல்

கதையில் தற்செயலை ஒரு தடவைக்கு மேல் கொண்டுவந்தால் பத்திரிகாசிரியர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. ரத்தம் உறைவதைத் தடுக்க இருதய நோயாளிகள் விழுங்கும் வார்பரின் மாத்திரையின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாகாணங்களிலும் மாடுகள் விநோதமாகச் செத்தன. கொம்பை அறுத்தால் ரத்தம் நிற்காது. சில மாடுகள் காயமே இல்லாமல், உள்ளுக்குள் ரத்தம் பெருகி விழுந்தன. பிராங்க் ஸ்கோபீல்ட் என்ற கால்நடை வைத்தியர், ஸ்வீட் கிளோவர் என்னும் தீவனத்தைச் சந்தேகித்தார். ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளைப் பொறுக்கி ஒரு முயலுக்கும், கெட்டுப்போனவற்றை இன்னொரு முயலுக்கும் போட்டார். முதல் முயல் பிழைத்தது, இரண்டாவது செத்தது. (இந்த மனிதர் அதற்கு முன் கொரியாவில் ஆசிரியராக இருந்து, 1919இல் ஜப்பானியர் அங்கே செய்த கொடுமைகளைப் படம் பிடித்தவர். அவரைப் பற்றியே ஒரு நாவல் எழுதலாம்.) பூசணம் பிடித்த புல்லைப் போடாதீர்கள் என்பதுதான் பரிகாரம். சுலபமான பரிகாரம்தான். ஆனால் 1930களின் மந்த காலத்தில், வேறு தீவனம் வாங்க விவசாயியிடம் காசு ஏது?

1933 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. விஸ்கான்ஸின் மாகாணத்து விவசாயி எட் கார்ல்ஸன், செத்த கிடாரி ஒன்றையும், உறையாத ரத்தம் இருந்த ஒரு பால் கேனையும், சுமார் 100 பவுண்டு கெட்ட புல்லையும் லாரியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் 190 மைல் கடந்து மாடிசன் நகரத்துக்கு வந்தார். அவர் தேடி வந்தது அரசாங்கக் கால்நடை வைத்தியரை. அந்த ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த ஒரு கதவுக்குள் நுழைந்தார். அங்கே இருந்தவர் கார்ல் பால் லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியர்.

லிங்கால் என்ன சொல்ல முடியும்? அந்தப் புல்லை நிறுத்துங்கள், முடிந்தால் மாடுகளுக்கு ரத்தம் ஏற்றுங்கள் என்றார். ஏழைக் குடியானவனுக்கு இரண்டும் எட்டாத காரியம். அவர் வந்த வழியே பனியில் திரும்பிப் போனார். பால் கேன் மட்டும் பேராசிரியரின் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஆறு வருஷங்கள் ஆயின. 1939 ஜூன் மாதம் லிங்கின் சகா ஹெரால்ட் காம்ப்பெல் அந்த விஷத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். புல்லுக்கு வாசனை தருகிற கூமரின் என்ற பொருளைப் பூசணம் வேறொன்றாக மாற்றிவிடுகிறது. அதற்கு டைகூமரால் என்று பெயர் வைத்தார்கள். சில வருஷங்களில் வைத்தியர்கள் அதை மனிதர்களுக்கே கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

1945இல் லிங்க் காசநோய் விடுதியில் படுக்க நேர்ந்தது. படுத்தபடியே எலிகளைப் பற்றிப் படித்தார். தம் கூடத்தில் தயாரித்திருந்த பொருள்களில் 42ஆம் எண், எலிக்கு ஏற்ற விஷம் என்று முடிவு செய்தார். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கான்ஸின் ஸ்தாபனத்தின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வார்பரின் என்று பெயரிட்டார்கள். 1948இல் அது எலி மருந்தாகக் கடைக்கு வந்தது.

1951இல் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள அதைத் தின்றார். வைட்டமின் கே கொடுத்தும் ரத்தம் ஏற்றியும் அவரைப் பூரணமாகக் குணப்படுத்திவிட்டார்கள். மாற்று மருந்து உள்ள விஷம் என்று தெரிந்ததும் வைத்தியர்களுக்குத் துணிவு வந்தது. 1954இல் மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. மறு வருஷமே ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது இந்த மருந்தைக் கொடுத்தார்கள்.

இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்ட என் பெரியம்மா, பக்கத்து வீட்டார் வாயால் இந்தக் கதையின் பாதியை மட்டும் கேட்டுவிட்டார். "ஏண்டா, எலிக்கு வைக்கிறதையா டாக்டர் எனக்கு எழுதிக் கொடுக்கிறார்?" என்று மாத்திரை அட்டையைத் தூக்கி அலமாரியின் பின்னால் வைத்துவிட்டார். செயற்கை வால்வின் மேல் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகையால் மீதிக் கதையை அன்றே சொன்னேன்.

ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். அது நீர்ப்பதும் இல்லை, மெலிவதும் இல்லை. உறைவதற்கு வேண்டிய சில பொருள்களைக் கல்லீரல் வைட்டமின் கே கொண்டு செய்கிறது; மருந்து அந்த வைட்டமினை மறுபடி பயன்படாதபடி தடுக்கிறது. எலி கணக்கில்லாமல் தின்கிறது. பெரியம்மாவுக்கோ அளந்து கொடுக்கிறார்கள், அதுவும் ரத்தத்தைப் பரிசோதித்து. ஐ.என்.ஆர். என்ற அந்த எண் சாதாரண மனிதருக்கு 1. இந்த மருந்து சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்றுக் கூட. குறைந்தால் கட்டி, மிஞ்சினால் ரத்தப் பெருக்கு. பரிசோதனை அடிக்கடி வேண்டாத புது மாத்திரைகள் 2010 முதல் வந்திருக்கின்றன. ஆனால் செயற்கை உலோக வால்வுக்காரர்களுக்கு அவை உதவா.

"அப்போ கீரை?" என்றார். கீரையில் வைட்டமின் கே நிறைய. அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் கட்டுக் கட்டாகவும் மறு வாரம் ஒன்றுமே இல்லாமலும் சாப்பிடுவதுதான் அந்த எண்ணை ஆட்டி வைக்கிறது. ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. தலைவலிக்கு ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொள்வதும், யாரோ சொன்ன லேகியத்தைச் சாப்பிடுவதும் ஆபத்து. மலம் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரியம்மா இப்போது பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஐ.என்.ஆர். எண்ணையும் எழுதுகிறார். முருங்கைக் கீரை செவ்வாயும் வெள்ளியும், அதே கரண்டி அளவு. போன மாதம் பல் வைத்தியரிடம் போனபோது மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியிலேயே உட்கார்ந்தாராம்.